உளி தவறினாலும் கெடாத பலகை

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பச்சைப் பலகை. கூரியரில் வந்த பெட்டியைப் பிரித்து, டிவியில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகி, கையில் கிடைத்த செல்போன் சார்ஜரை மாட்டுகிறார்கள். பலகையின் ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. டிவித் திரை கறுப்பாகவே நிற்கிறது. புதிய வகைப் பலகையாக இருந்தால் ஆங்கிலத்தில் புரியாத நாலைந்து வரிகள் வருகின்றன. "பீஸ் போயிருக்கும்", "டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிட்டான்" என்று வீட்டில் பேச்சு கிளம்புகிறது. ஆசையாகக் கேட்டு வாங்கிய பிள்ளையின் முகம் சுருங்கிவிடுகிறது.

பலகைக்கு ஒரு குறையும் இல்லை. கடையிலிருந்து அது அப்படித்தான் வரும். அதில் இயங்குதளம், அதாவது விண்டோஸ் போன்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம், இருக்காது. நாம்தான் ஒரு சிறிய மெமரி கார்டில் எழுதிச் செருக வேண்டும். இந்த ஒரு செய்தி தெரியாததால் எத்தனையோ பலகைகள் அலமாரியில் தூங்குகின்றன. அறிவியல் கண்காட்சிக்கும் கல்லூரி புராஜெக்ட்டுக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் 'ராஸ்பெரி பை வேண்டும்' என்று கேட்கும்போது, பெற்றோரும் ஆசிரியரும் அது என்ன, அதில் எது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் பெயர். ராஸ்பெரி பை ஓர் ஒற்றைப் பலகைக் கணினி. அப்படியென்றால் செயலி, நினைவகம், திரைக்கான இணைப்பு, யுஎஸ்பி துளைகள் எல்லாம் ஒரே பலகையில் பதிக்கப்பட்ட முழுக் கணினி. மேசைக் கணினியில் தனித்தனியாக மாட்டியிருப்பவை இங்கே ஒன்றாக இருக்கின்றன. பெரும்பாலான வகைகளில் இல்லாதது ஒன்றுதான்: நிரந்தரச் சேமிப்பு வட்டு. அதன் வேலையை விரல் நகத்தளவு மைக்ரோ எஸ்டி கார்டு பார்க்கிறது. இயங்குதளம் குடியிருப்பது அந்தக் கார்டில். கார்டை உருவினால் பலகை வெற்றுப் பலகை. வேறு கார்டைப் போட்டால் அதே பலகை வேறு கணினி.

இதன் பொருளை அரும்பாவூர்க்காரர்களுக்குச் சொல்வது எளிது. பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் இந்தப் பேரூரின் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா, வேம்பு என்று மரத்தைத் தேர்ந்து, ஒரே கட்டையிலிருந்து உருவத்தை எடுப்பது இங்கத்திய வழக்கம். பட்டறையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் அளவு குறித்துக் கோடு போடுவார்கள்; பிறகு வேண்டாத மரத்தைக் கொத்தித் தள்ளுவார்கள்; மூக்கு, விரல், ஆபரணம் என்று வரும்போது கொட்டாப்புளியின் அடி மெதுவாகிவிடும். காரணம், அங்கே ஓர் உளி தவறினால் அந்த மூக்கு போனதுதான். ஒட்டுப் போட்டால் அது ஒரே கட்டைச் சிற்பம் ஆகாது. அதனால்தான் பழகுகிற பையனின் கையில் எடுத்தவுடன் முகத்தைச் செதுக்கத் தர மாட்டார்கள்.

கார்டில் எழுதப்படும் இயங்குதளம் இதற்கு நேர் எதிர். எவ்வளவு தவறாகச் செதுக்கினாலும், கால் மணி நேரத்தில் பழைய கட்டையாக்கி மறுபடி தொடங்கலாம். ஒற்றைப் பலகைக் கணினியைப் பற்றி மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

இது தற்செயலாக அமைந்ததல்ல. இந்தப் பலகை பிறந்ததே இதற்காகத்தான். 2000-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எபன் அப்டனும் அவருடன் இருந்தவர்களும் ஒன்றைக் கவனித்தார்கள். கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். வந்தவர்களுக்கும் முந்தைய தலைமுறைக்கு இருந்த நிரல் எழுதும் பழக்கம் இல்லை. 1980-களில் அங்கே வீட்டிலும் பள்ளியிலும் இருந்த பிபிசி மைக்ரோ கணினியில் ஸ்விட்சைப் போட்டதும் நிரல் எழுதச் சொல்லித் திரை காத்திருக்கும். பின்னாளில் வந்த வீட்டுக் கணினியோ குடும்பத்தின் கணக்கும் கடிதமும் படங்களும் இருக்கும் விலை உயர்ந்த பொருளாகிவிட்டது. 'தொடாதே, கெட்டுவிடும்' என்ற சொல் பிள்ளைக்கும் கணினிக்கும் நடுவில் வந்து நின்றது. அந்தச் சொல்லை எடுக்கத்தான் 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் முதல் ராஸ்பெரி பை வெளிவந்தது. கெட்டால் குடும்பம் கவலைப்படாத ஒரு கணினி வேண்டும் என்பதே அதன் பின்னால் இருந்த எண்ணம்.

அடுத்து, எல்லோரும் கேட்கும் கேள்வி: "இதில் விண்டோஸ் ஏறுமா?" நம் வீட்டு மேசைக் கணினியின் செயலி ஒரு மொழி பேசுகிறது, இந்தப் பலகையிலும் நம் கைபேசியிலும் இருக்கும் ஆர்ம் வகைச் செயலி வேறொரு மொழி பேசுகிறது. மேசைக் கணினிக்கென்று எழுதப்பட்ட நிறுவல் சிடியை இதில் ஓட்ட முடியாது. இதற்கென்று இருப்பது லினக்ஸ் குடும்பம். ராஸ்பெரி பைக்கு அதன் தயாரிப்பாளர்கள் தரும் ராஸ்பெரி பை ஓஎஸ், டெபியன் என்ற லினக்ஸ் வகையின் மேல் கட்டப்பட்டது. தொடக்கத்தில் ராஸ்பியன் என்ற பெயரில் தன்னார்வலர்கள் உருவாக்கியது. 2020-ல்தான் ராஸ்பெரி பை ஓஎஸ் என்ற பெயர் வந்தது.

லினக்ஸைத் திறமூல மென்பொருள் என்பார்கள். திறமூலம் என்பதை 'இலவசம்' என்று மட்டும் புரிந்துகொள்வது பாதிப் புரிதல். காசு கேட்காத மென்பொருள்கள் பல உண்டு. அவற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க விடமாட்டார்கள். திறமூலத்தில் நிரலைத் திறந்து படிக்கலாம், மாற்றலாம், பிரதி எடுத்து அடுத்தவருக்குத் தரலாம். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டம், 1991-ல் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய, இயங்குதளத்தின் கருவான லினக்ஸ் கெர்னல், 1993-ல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்று பலர் கை சேர்ந்த வேலை இது. ஓர் ஆசிரியர் ஒரு கார்டில் எழுதி, அதையே வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கும் பிரதி எடுத்துக் கொடுத்தால் அது திருட்டு ஆகாது. அந்த உரிமை உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். ராஸ்பெரி பையில் எல்லாமே திறந்ததல்ல. மின்சாரம் வந்ததும் முதலில் விழித்தெழும் அடிப்படை மென்பொருளின் மூல நிரல் வெளியிடப்படவில்லை. அதைத் தயாரிப்பாளர் தருகிறபடியே ஏற்றுக்கொள்கிறோம். அதற்கு மேலே நாம் பார்த்துப் புழங்குகிற கெர்னலும் மற்ற அடுக்குகளில் பெரும்பகுதியும் திறந்தவை.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாதையும் அல்ல. 2007 வாக்கில் ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் தலைமையில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறியது. அதே ஆண்டில் சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் அடிப்படையில் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. பாடத்திட்டம் மாறிய பிறகு வந்த பதினோராம் வகுப்புப் பாடநூலில் உபுண்டு லினக்ஸும் ஓப்பன் ஆபீஸும் பாடமாகவே இருக்கின்றன. பாடத்தில் படித்ததைக் கையால் செய்து பார்க்கும் இடம்தான் இந்தப் பலகை.

இனி நிறுவும் வேலைக்கு வருவோம். 'நிறுவுதல்' என்ற சொல் பெரியது. நடப்பது பிரதி எடுத்தல். இயங்குதளத்தை ஏற்கெனவே ஒருவர் முழுதாக நிறுவி, அந்த வட்டை அப்படியே அச்செடுத்தது போல ஒரே கோப்பாக வைத்திருக்கிறார். அதைப் படிமம் என்கிறோம். அந்தப் படிமத்தை நம் கார்டின் மேல் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை எழுதுகிறோம். கோப்பை இழுத்துக் கார்டுக்குள் போடுவது வேறு, இப்படி எழுதுவது வேறு. இழுத்துப் போட்டால் கார்டுக்குள் ஒரு கோப்பு இருக்கும். பலகை அதைப் பார்த்து ஒன்றும் செய்யாது. முதன்முறை தடுமாறுகிறவர்களில் பலர் தடுமாறும் இடம் இது.

எழுதுவதற்கு ராஸ்பெரி பை இமேஜர் என்ற சிறிய செயலி இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அது மூன்று கேள்வி கேட்கும்: எந்தப் பலகை, எந்த இயங்குதளம், எந்தக் கார்டு. மூன்றாவது கேள்வியில்தான் நிதானம் வேண்டும். கணினியில் பென்டிரைவ் ஒன்றும் செருகியிருந்தால் பட்டியலில் அதன் பெயரும் வரும்; அதைத் தேர்ந்தால் அதில் இருப்பது எல்லாம் போய்விடும். எழுதப் போகும் கார்டைத் தவிர மற்றதையெல்லாம் முதலிலேயே உருவி வைப்பதே பாதுகாப்பு.

அடுத்து அமைப்புகள். பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை பெயர், நேர மண்டலம், விசைப்பலகை ஆகியவற்றை எழுதுவதற்கு முன்பே இங்கே கொடுத்துவிடலாம். பழைய நாட்களில் எல்லாப் பலகைக்கும் 'பை' என்ற ஒரே பயனர் பெயரும் 'ராஸ்பெரி' என்ற ஒரே கடவுச்சொல்லும் இருந்தன. ஊருக்கே ஒரே சாவி இருந்தது போல. 2022-ல் அதை எடுத்துவிட்டார்கள். பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அந்தப் பெயரைத் தட்டிவிட்டு 'உள்ளே போகவில்லையே' என்று திகைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாம் கொடுத்த பெயர்தான், நாம் கொடுத்த சொல்தான்.

எழுதி முடிந்ததும் செயலி தானே ஒரு முறை படித்துச் சரிபார்க்கும். அவசரத்தில் அதைத் தவிர்த்துவிடாதீர்கள். போலிக் கார்டுகளின் குட்டு உடைவது பெரும்பாலும் அங்கேதான். மேலே 64 ஜிபி என்று அச்சிட்டிருக்கும். உள்ளே 8 ஜிபிகூட இருக்காது. நம்பகமான கடையில் 32 ஜிபி கார்டு ஒன்று வாங்கினால் போதும்.

இப்போது, பலரையும் பயமுறுத்தும் அந்தத் தருணம். எழுதிய கார்டை மறுபடி விண்டோஸ் கணினியில் செருகினால், 'இந்த வட்டைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று ஒரு பெட்டி எழும்பும். நானும் முதன்முறை அதற்குச் சம்மதம் சொன்னவன்தான். அரை மணி நேர வேலை ஒரு சொடுக்கில் போனது. நடந்தது இவ்வளவுதான். கார்டில் இப்போது இரண்டு அறைகள் இருக்கின்றன. முன்னறை சிறியது, துவக்கக் கோப்புகள் இருக்கும் இடம், அதை விண்டோஸால் படிக்க முடியும். பின்னறையில் இருப்பது லினக்ஸின் கோப்பு முறை. விண்டோஸுக்கு அது தெரியாது. தெரியாததை அது 'காலி' என்று எடுத்துக்கொண்டு கேட்கிறது. 'வேண்டாம்' என்று சொல்லி மூடிவிட வேண்டும். கார்டு நலமாகத்தான் இருக்கிறது.

கார்டைப் பலகையில் செருகி மின்சாரம் கொடுத்ததும் என்ன நடக்கிறது? பலகையிலேயே பதிந்திருக்கும் சிறு நிரல் எழுந்து கார்டைத் தேடுகிறது. முன்னறையில் உள்ள அமைவுக் கோப்பைப் படிக்கிறது. கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கூடவே 'இந்தப் பலகையில் எது எங்கே இருக்கிறது' என்று சொல்லும் ஒரு வரைபடத்தையும் கெர்னலிடம் தருகிறது. மேசைக் கணினி போலத் தன் உறுப்புகளைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் வசதி இந்தப் பலகைகளில் இல்லை. அதனால்தான் ராஸ்பெரி பைக்கு எழுதிய கார்டு வேறு நிறுவனத்தின் பலகையில் எழாது. வேறு பலகை வைத்திருப்பவர்கள் அதற்கென்றே உள்ள படிமத்தையோ, பல பலகைகளுக்கும் தனித்தனியாகத் தயாரித்துத் தரும் ஆர்ம்பியனையோ நாட வேண்டும்.

இந்த நேரத்தில் பார்க்க வேண்டியது பச்சை விளக்கை. அது ஒழுங்கில்லாமல் மினுக்கினால் கார்டு படிக்கப்படுகிறது என்று பொருள். கணக்காக நான்கு முறையோ ஏழு முறையோ மினுக்கி நின்று, மறுபடி அப்படியே மினுக்கினால் பலகை புகார் சொல்கிறது: துவக்கக் கோப்பையோ கெர்னலையோ காணோம் என்று. கார்டை மறுபடி எழுதினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். முதல் முறை எழும்போது பின்னறையைக் கார்டின் முழு அளவுக்கு விரித்துக்கொண்டு ஒரு முறை தானே அணைந்து எழும். 'தானா ஆஃப் ஆகுதே' என்று பிளக்கைப் பிடுங்கிவிடக் கூடாது.

பலகை நலமாக இருந்தும் தகராறு செய்கிறது என்றால் பல நேரம் குற்றவாளி சார்ஜர்தான். ராஸ்பெரி பை 3-க்கு 2.5 ஆம்பியர், 4-க்கு 3 ஆம்பியர், 5-க்கு 5 ஆம்பியர் வரை தரும் பவர் சப்ளை வேண்டும் என்பது தயாரிப்பாளர் சொல்லும் அளவு. எல்லாம் 5 வோல்ட்தான். பழைய செல்போன் சார்ஜர் இதைத் தராது. சார்ஜர் நல்லதாக இருந்தாலும் மெல்லிய, நீளமான கேபிளில் வோல்ட்டேஜ் வடிந்துவிடும். கடைக்கோடி வீட்டுக்குழாயில் தண்ணீர் வேகம் குறைவது போல. திரையின் ஓரத்தில் மின்னல் குறி வந்தால் அது அலங்காரம் அல்ல. மின்சாரம் போதவில்லை என்ற எச்சரிக்கை.

அணைப்பதும் ஒரு பாடம். கணினி எழுதச் சொன்னதையெல்லாம் உடனே கார்டில் எழுதுவதில்லை. கொஞ்சம் நினைவகத்தில் வைத்திருந்து எழுதும். பாதியில் மின்சாரம் போனால் கோப்பு பாதியில் நிற்கும், கார்டே பழுதாகலாம். மெனுவில் அணைக்கச் சொல்லி, பச்சை விளக்கு ஓய்ந்த பிறகே பிளக்கைத் தொட வேண்டும். கரண்ட் போய் வரும் ஊரில் பலகை நாள் முழுக்க ஓட வேண்டுமானால் ஒரு சிறிய யுபிஎஸ் வைக்கலாம். அல்லது கார்டில் எதையும் எழுதாமல் படிக்க மட்டும் செய்யும் அமைப்புக்கு மாற்றலாம். அதற்கான வசதி இயங்குதளத்திலேயே இருக்கிறது.

தமிழில் வேலை செய்யுமா? நன்றாகவே செய்யும். டெபியனில் தமிழ் எழுத்துருத் தொகுப்பும், தமிழ்99 விசைப்பலகையை இயக்கும் கருவிகளும் இருக்கின்றன. இணையத்திலிருந்து சில நிமிடங்களில் நிறுவிக்கொள்ளலாம். மெனுக்களில் கணிசமானவை தமிழில் வரும். அவற்றை மொழிபெயர்த்தது எந்தப் பெரிய நிறுவனமும் இல்லை. இரவு நேரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் செய்த தன்னார்வலர்கள். சில சொற்கள் கரடுமுரடாக இருக்கும். பிடிக்கவில்லை என்றால் நீங்களே திருத்தி அனுப்பலாம். திறமூலம் என்பதன் பொருள் அதுவும்தான். 2012-லிருந்து வரும் 'கணியம்' இதழ் இந்த நுட்பங்களைத் தமிழிலேயே எழுதிவருகிறது. விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமப்புற மாணவர்களுக்குப் பயிற்சி தந்துவருகிறது. நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலும் அப்படி ஒரு கூட்டம் கூடுவதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. ஒரு நூலக மேசையும் சில பலகைகளும் போதும்.

ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டால் இது முழுமையாகாது. கார்டில் என்ன தவறு செய்தாலும் பலகை பிழைத்துக்கொள்ளும் என்றேன். மின்கம்பிகளில் அப்படி இல்லை. பலகையின் ஓரத்தில் 40 ஊசிகள் வரிசையாக நிற்கின்றன. சென்சார், விளக்கு, மோட்டார் எல்லாம் அவற்றின் வழியாகத்தான் இணையும். அந்தச் சமிக்ஞை ஊசிகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 5 வோல்ட் கம்பியைத் தவறி அங்கே தொட்டுவிட்டால் பலகை அதோடு முடிந்துபோகலாம். இந்த இடத்தில் நாம் மரச்சிற்பியைப் போல இருக்க வேண்டும்: அளவு பார்த்து, கோடு போட்டு, பலகையை அணைத்து வைத்து, இன்னொரு முறை சரிபார்த்து, பிறகே கை வைக்க வேண்டும். வெங்காயப் பட்டறையின் ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் பதிவு செய்யும் ஒரு சிறு கருவியை இங்கே ஒரு மாணவி கட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நிரலை அவள் நூறு முறை தவறாக எழுதலாம். கம்பியை ஒரு முறைகூடத் தவறாகச் செருகக் கூடாது. எங்கே துணிய வேண்டும், எங்கே நிதானிக்க வேண்டும் என்ற இந்தப் பிரிப்பைக் கற்றுக்கொண்டால் அதுவே அவளுக்குப் பெரிய படிப்பு.

எனவே பெற்றோரிடமும் பள்ளிகளிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். பலகை வாங்கும்போது கார்டு ஒன்றல்ல, இரண்டாக வாங்குங்கள். ஒன்றில் இயங்குதளத்தை எழுதி, வேலைகளை அதில் செய்யுங்கள். அதைப் பத்திரமாக வையுங்கள். இரண்டாவது கார்டிலும் அதையே எழுதி, ஓர் ஓரத்தில் பேனாவால் குறி போட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். "இது கெடுத்துப் பார்க்கிறதுக்கு" என்று சொல்லிக் கொடுங்கள். அவள் ஏதோ கட்டளையைத் தட்டி, திரை கறுத்து, பயந்த முகத்தோடு வந்து நிற்கும்போது திட்டாதீர்கள். கார்டை உருவி, மறுபடி எழுத அவளையே உட்கார வையுங்கள்.